பிளேஸ்டேஷன் 6 வரும்வரை காத்திருக்கலாமா, இப்போதே 5ஐ வாங்கலாமா? அடுத்த சுற்றில் யார் வெல்வார்?

கேள்வி கேட்டவர் கொழும்பில் வசிப்பதாகவும், வீட்டில் சோனி நிறுவனத்தின் பழைய பிளேஸ்டேஷன் 4 ஒன்று இருப்பதாகவும், அடுத்த தலைமுறைக் கொன்சோல்களை, அதாவது தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் பெட்டிகளைப் பற்றிக் கசிந்துவரும் எண்களைப் படித்துக் குழம்பிப்போயிருப்பதாகவும் எழுதியிருக்கிறார். மாதச் சம்பளக்காரர் என்றும், டுபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்து பெட்டியைக் கொண்டுவந்து தரக்கூடிய உறவினர் ஒருவர் இருப்பார் என்றும் நானாகவே ஊகித்துக்கொள்கிறேன். எனக்கு முன் பதில் எழுதியவர், "டிஸ்க் எல்லாம் பழைய காலத்துப் பழக்கம். டவுன்லோட் மட்டும் செய்யும் பெட்டியை வாங்குங்கள், இல்லாவிட்டால் 6 வரும்வரை பொறுத்திருங்கள்" என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார். அந்த இரண்டு வரிகளுக்காகத்தான் நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

என் பதில் இதுதான்: காத்திருக்க வேண்டாம், டிஸ்க் போடக்கூடிய பிளேஸ்டேஷன் 5ஐ வாங்குங்கள். அடுத்த தலைமுறை குறித்த ஊகங்களில் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது சிப்பின் கணிப்பு வேகத்தை அளக்கும் டெராப்ளொப்ஸ் கணக்கை அல்ல; டிஸ்க் செருகுவதற்குப் பெட்டியில் ஓர் இடம் இருக்குமா, இருக்காதா என்பதைத்தான். நான் பொறியியலாளர் அல்லன், காலி வீதியிலுள்ள ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்பவன். சிப்புகளைப் பற்றிப் பேச உனக்கென்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்: சிப்பின் உள்ளே நடப்பதைப் பற்றி அல்ல, அதற்குக் கொழும்பில் நாம் கொடுக்கும் விலையைப் பற்றியே எழுதப்போகிறேன்.

முதலில் இந்த எண்களை எடுத்துக்கொள்வோம். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இதே ஆரவாரம் இருந்தது. இந்தப் பெட்டிகளுக்குச் சிப் வடிவமைக்கும் ஏ.எம்.டி. நிறுவனத்தின் சோதனைத் தரவுகள், நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட்ஹப் தளத்தில் கசிந்து, பிளேஸ்டேஷன் 5இல் 36 கணிப்பு அலகுகள், ஏறத்தாழ 9.2 டெராப்ளொப்ஸ் என்று கணக்குப் போடப்பட்டபோது, அதை நம்ப மறுத்தவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று என்று தங்கள் ஆசையையே செய்தியாக எழுதினார்கள். மார்ச் 18 அன்று பிளேஸ்டேஷன் 5இன் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி உண்மையைச் சொன்னார்: அதே 36 அலகுகள், 2.23 கிகாஹெர்ட்ஸ் வரை வேகம், 10.28 டெராப்ளொப்ஸ். மைக்ரோசொப்ட்டின் போட்டிப் பெட்டியான எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ் 12 டெராப்ளொப்ஸுடன் வந்தது. எண்ணில் வென்ற பெட்டி விற்பனையில் தோற்றது. இரண்டிலும் வந்த பொதுவான விளையாட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தொலைக்காட்சிக்கு மூக்கை முட்டக் கொடுத்தாலொழியப் பெரிதாக வேறுபாடு தெரியாது. மறு ஆண்டு, நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கொன்சோல் 4கே படம் தரும் புதிய வடிவில் வருகிறதென்று பெரிய செய்தி நிறுவனங்களே எழுதின. 2021 ஜூலையில் நிண்டெண்டோ அறிவித்ததோ, முக்கியமாகத் திரையை, நிறம் துலங்கும் ஓலெட் ஆக மாற்றிய பழைய ஸ்விட்சைத்தான்.

இம்முறை 2025 முடியும்வரை உத்தியோகபூர்வமாகத் தெரிந்தது மிகக் குறைவு. 2025 ஒக்டோபரில் செர்னியும் ஏ.எம்.டி. அதிகாரி ஒருவரும் ஒளிக்கற்றை போகும் வழியைக் கணித்துப் படம் வரைவதற்கெனத் தனி அலகு, நினைவகத்துக்குப் போய்வரும் தரவைச் சுருக்கும் ஒரு முறை போன்றவற்றை விளக்கிவிட்டு, இவை "சில ஆண்டுகளில்" வரும் ஒரு கொன்சோலுக்கானவை என்று மட்டும் சொன்னார்கள். அதற்கு முன்பு, ஜூனில், மைக்ரோசொப்ட்டும் ஏ.எம்.டி.யுடன் பல ஆண்டு உடன்படிக்கை செய்திருப்பதாக அறிவித்து, அடுத்த எக்ஸ்பொக்ஸ் ஒரே கடைக்குள் பூட்டப்பட்டதாக இருக்காது என்றது. வெளியீட்டு ஆண்டு, விலை, நினைவக அளவு என்று அப்போது உலாவியவை எல்லாம் இந்த இரண்டு அறிவிப்புகளுக்கும் வெளியே யாரோ போட்ட கணக்குகள்.

"பொறுத்தால் 5இன் விலையாவது இறங்குமே" என்பது அடுத்த வாதம். முன்பு அது நியாயமான வாதமாக இருந்தது. பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் 299 டொலர், 2002இல் 199, 2009இல் 99. பிளேஸ்டேஷன் 4 2013இல் 399 டொலர், மூன்று ஆண்டுகளில் 299. சிப்பின் நுண்மை கூடும்போதெல்லாம் ஒரே சிலிக்கன் தகட்டிலிருந்து அதிக சிப்புகள் கிடைத்தன, செலவு குறைந்தது, அந்தக் குறைவில் ஒரு பங்கு வாங்குபவருக்கும் வந்தது. இப்போது புதிய தொழில்நுட்பத்தில் தகட்டின் விலையே ஏறிக்கொண்டு போவதால் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. பிளேஸ்டேஷன் 5இன் சிப்பும் 7 நனோமீற்றரிலிருந்து 6க்குச் சுருங்கியது, ஆனால் 2020இல் 499 டொலருக்கு வந்த பெட்டி 2025 ஓகஸ்டில் 549 ஆகியது. 299 டொலருக்கு வந்த எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ் அதே ஆண்டு ஒக்டோபரில் 399 ஆகியது. இதற்கு மேல், செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொள்வதால் அவற்றின் விலை 2025இன் பிற்பகுதியில் ஏறத் தொடங்கியது. டிசம்பரில், நினைவகச் சிப் செய்யும் மைக்ரோன் நிறுவனம், குருஷல் என்ற பெயரில் நுகர்வோருக்கு விற்கும் வணிகத்தையே கைவிடுவதாக அறிவித்தது. பிளேஸ்டேஷன் 5இல் 16 கிகாபைட் நினைவகம் இருக்கிறது. அடுத்ததற்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். அந்தச் செலவைச் சோனி தன் கையிலிருந்து போடும் என்று நினைப்பவரோடு வாதாடிப் பயனில்லை.

நமக்கு இதன்மேல் இன்னொரு கணக்கும் உண்டு. 2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360ஐத் தொட்டதை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. அதற்கு முன்பே, 2020இல், இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தொடங்கியிருந்தன. இன்று 18 சதவீத வற் வரியும் சேர்கிறது. லண்டனில் இருப்பவர் பொறுத்திருந்தால் இழப்பது பொழுதையும் கொஞ்சம் காசையும்தான். இங்கே பொறுத்திருப்பவர் ரூபாயின் மீது பந்தயம் கட்டுகிறார்.

இனி டிஸ்குக்கு வருகிறேன். பழைய பழக்கம் என்று அந்த நண்பர் ஒதுக்கிய விடயம் இது.

வெள்ளவத்தையில் நாங்கள் சில பேர் டிஸ்க் மாற்றிக்கொள்ளும் குழு ஒன்றை நீண்ட காலமாக நடத்தி வருகிறோம். மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணா, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பொடியன்கள், தெமட்டகொடையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் நானா ஒருவர், நுகேகொடையில் இருக்கும் சிங்கள நண்பர் ஒருவர் என்று அது ஒழுங்கற்ற கூட்டம். புதிய விளையாட்டு ஒன்றை ஒருவர் முழு விலைக்கு வாங்குவார். முடித்ததும் குழுவில் அறிவிப்பார். அடுத்தவர் கட்டுப்பணம் வைத்துவிட்டு எடுத்துச் செல்வார். உறையும் கீறல் விழாத டிஸ்கும் திரும்பி வந்தால் கட்டுப்பணம் திரும்பும். எல்லோரும் விளையாடி முடித்த பிறகு, பம்பலப்பிட்டியிலுள்ள யுனிட்டி பிளாசா பக்கம் பழையதாக விற்று, அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு அடுத்ததை வாங்குவோம். சம்பளத்தை நம்பி வாழும் ஒருவர் எழுபது டொலர் விளையாட்டுகளை வருடம் முழுவதும் விளையாட முடிவது இப்படித்தான். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்த காலத்தில், நூறு கிகாபைட் டவுன்லோட் ஒன்றைத் தொடங்கி முடிப்பது என்பதை நினைத்தும் பார்க்க முடியவில்லை. எங்கள் குழுவின் டிஸ்குகள் அப்போதும் கொட்டாஞ்சேனையிலிருந்து தெஹிவளை வரை கைமாறிக்கொண்டுதான் இருந்தன, பெற்றோல் இல்லாத நாட்களில் பஸ்ஸில். அந்தக் கூட்டத்தை நடத்தியதில் எனக்குப் பெருமை உண்டு என்பதை மறைக்கப் போவதில்லை.

டிஸ்க் போட்டாலும் புதுப்பிப்புகளை இணையத்தில்தானே இறக்க வேண்டும் என்று உடனே ஒருவர் எழுதுவார். எழுதட்டும். புதுப்பிப்பு பல வேளைகளில் முழு விளையாட்டைவிடச் சிறியது, இரவு நேர டேட்டாவில் இறக்கிக்கொள்ளலாம். முக்கியமாக, அது இல்லாவிட்டாலும் டிஸ்கில் வாங்கிய பொருள் என்னுடையது. நான் அதை விற்கலாம், இரவல் கொடுக்கலாம்.

டவுன்லோட் மட்டுமே என்ற வழியில் போனால் என்ன ஆகும் என்பதற்கு என் அக்காவின் மகனே உதாரணம். முதற் சம்பளத்தில் ஒரு கடையில் பிளேஸ்டேஷன் 5இன் டிஸ்க் போட இடமில்லாத டிஜிட்டல் பதிப்பை வாங்கிக்கொண்டு வந்து, "விலை குறைவு மாமா, மிச்சக் காசில கேம்ஸ் வாங்கலாம்" என்றான். விளையாட்டுகளை இணையத்தில் வாங்கி இறக்கத் தேவையான பிளேஸ்டேஷன் நெட்வேர்க் சேவை உத்தியோகபூர்வமாக இயங்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை என்பதை அந்தக் கடை அவனுக்குச் சொல்லவில்லை. மாறாக, வேறொரு நாட்டில் வசிப்பவன்போலக் கணக்குத் திறக்கக் கற்றுக்கொடுத்தது. அந்த நாட்டுக் கணக்கில் இங்குள்ள வங்கியின் கடனட்டை செல்லவில்லை. எனவே இடைத்தரகரிடம் பரிசுக் கூப்பன் வாங்கினான், அவருக்கு ஒரு தரகு. விளையாட்டு பிடிக்காவிட்டால் விற்க வழியில்லை, எங்கள் குழுவிலும் அவனுக்குக் கொடுக்கவோ வாங்கவோ எதுவும் இல்லை. கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனபோது விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். 2020ஆம் ஆண்டின் டிஜிட்டல் பதிப்புக்கு டிஸ்க் டிரைவைப் பிறகு பொருத்தவும் முடியாது. பெட்டியில் மிச்சம் பிடித்ததைப் போல எத்தனையோ மடங்கு அவன் கூப்பன்களில் கட்டிவிட்டான், இன்னமும் அது மலிவான பெட்டி என்றே சாதிக்கிறான்.

இந்தப் பட்டியல் பிரச்சினை எங்கள் கற்பனை அல்ல. 2024 மே மாதத்தில், ஹெல்டைவர்ஸ் 2 விளையாட்டைக் கணினியில் விளையாடுவோரும் அந்த நெட்வேர்க்கில் கணக்குத் திறக்க வேண்டும் என்று சோனி சொன்னபோது, சேவை இல்லாத 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் அந்த விளையாட்டு, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையக் கடையிலிருந்து நீக்கப்பட்டது. எதிர்ப்புக்குப் பின் கணக்கு விதியைச் சோனி கைவிட்டது. ஆனால் நாம் உலக வரைபடத்தில் எங்கே இருக்கிறோம் என்பது அந்த வாரத்தில் தெளிவாகத் தெரிந்தது.

ஆகையால்தான் அடுத்த தலைமுறை பற்றிய செய்திகளில் நான் தேடுவது டிஸ்கை. 2013இல் மைக்ரோசொப்ட் தன் எக்ஸ்பொக்ஸ் வன் பெட்டிக்கு, 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை இணையச் சரிபார்ப்பு, பழைய விளையாட்டுகளைக் கைமாற்றுவதற்குக் கட்டுப்பாடு என்று அறிவித்தது. சோனி அதற்குப் பதிலடியாக, ஒருவர் டிஸ்கை மற்றவர் கையில் கொடுப்பதோடு முடியும் மிகச் சிறிய வீடியோ ஒன்றை வெளியிட்டது. ஜூன் 19 அன்று மைக்ரோசொப்ட் பின்வாங்கியது, ஆனால் அந்தத் தலைமுறை அதோடு பிளேஸ்டேஷன் 4இன் தலைமுறையாகிவிட்டது. அந்த வீடியோவை வெளியிட்ட அதே சோனிதான் 2024 நவம்பரில் 699 டொலருக்குப் பிளேஸ்டேஷன் 5 புரோவை டிஸ்க் டிரைவ் இல்லாமல் விற்றது. டிரைவுக்குத் தனியாக 79 டொலர். நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2க்கு டிஸ்குக்குப் பதில் வரும் அட்டைகள் பலவற்றில் விளையாட்டே இல்லை, டவுன்லோட் செய்வதற்கான சாவி மட்டும்தான் இருக்கிறது. அட்டையைக் கைமாற்றலாம் என்பது ஓர் ஆறுதல். பிளேஸ்டேஷன் 6இலும் டிரைவ் கழற்றி மாட்டும் தனிப்பொருளாகவே இருக்கும் என்பது என் ஊகம். இது ஊகம் மட்டுமே, ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம்.

யார் வெல்வார் என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில். ஸ்விட்ச் 2 நான்கு நாட்களில் 35 இலட்சம் விற்றது. நிண்டெண்டோ தன் தனிப் பாதையில் போகிறது. மைக்ரோசொப்ட் பெட்டிப் போட்டியிலிருந்து பாதி விலகிவிட்டது என்றே நினைக்கிறேன். தங்கள் சொந்த விளையாட்டான ஃபோர்ஸா ஹொரைசன் 5ஐ 2025 ஏப்ரலில் பிளேஸ்டேஷனுக்கே கொடுத்தவர்கள், ஹேலோவையும் கொடுப்பதாக அறிவித்தார்கள். சோனிக்கு அடுத்த எதிரி, ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் ஆகலாம். 2025 நவம்பரில் அவர்கள் அறிவித்த ஸ்டீம் மெஷின் என்ற பெட்டியில் டிஸ்குக்கு இடமில்லைதான். இருந்தாலும் ஸ்டீம் கடை இலங்கையை ஒரு நாடாக மதிக்கிறது, தெற்காசியாவுக்கென்று தனி விலைப்பட்டியலும் வைத்திருக்கிறது. டிஸ்க் இல்லாத பெட்டி ஒன்றை நான் என்றாவது வாங்கினால் அது இப்படிப்பட்டதாகத்தான் இருக்கும். எனக்குச் சோனிமீது பக்தி எதுவும் இல்லை என்பதற்கு இதற்கு மேல் சான்று தர முடியாது.

உங்கள் பிளேஸ்டேஷன் 4 டிஸ்குகள், மிகச் சில தவிர, 5இலும் ஓடும். பழைய பெட்டியை விற்றாலும் அவற்றை விற்காதீர்கள். பாவித்த 5 வாங்குவதென்றால் பெட்டியின் பின்புறமுள்ள மாதிரி எண்ணைப் பாருங்கள்: சி.எஃப்.ஐ. (CFI) 2000 வரிசை என்றால் டிஜிட்டல் பதிப்புக்கும் பிறகு டிரைவ் பொருத்தலாம், 1000 வரிசை என்றால் முடியாது. டுபாய் டிஸ்குக்கும் சிங்கப்பூர்க் கணக்குக்கும் ஒத்துவராமல், விளையாட்டுக்கெனத் தனியாக இறக்கும் மேலதிக உள்ளடக்கம் திறக்காமல் போவதுண்டு, எனவே டிஸ்க் எந்த வலயத்தினது என்று கேட்டு வாங்குங்கள். டிரைவைத் தனியாக வாங்கினால், முதன்முறை இணைப்பதற்கு இணையம் தேவை. அதைக் கடையிலேயே செய்வித்து, ஏதாவது ஒரு டிஸ்கைப் போட்டு ஓடுகிறதா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. வாங்கிய பிறகு வெள்ளவத்தைப் பக்கம் வரக்கூடியவர் என்றால் இங்கே எழுதுங்கள், குழுவில் சேர்த்துக்கொள்கிறோம். கட்டுப்பணம் மட்டும் முற்பணமாக.