பதில்: வெடிமருந்து வேன் டயரில் புகை வந்தா தண்ணி ஊத்தலாமா?

அண்ணே, பள்ளிகொண்டா பக்கம் உங்க ஓட்டல் எதிரே குவாரிக்குப் போற வெடிமருந்து வேன் நின்னு, டயர் புகைஞ்சதும் தண்ணி ஊத்தினது சரியான்னு கேட்டிருந்தீங்க.

தீ டயரோட நிக்கிற வரைக்கும் சரி. நிறைய ஊத்தணும், அணைஞ்ச டயர் சூட்டுல திரும்பவும் பத்திக்கும். சரக்குப் பெட்டியைத் தீ தொட்டுட்டா ஒரு வாளிகூடத் தூக்காதீங்க. கடையைப் பூட்டக்கூட நிக்காம, எல்லாரையும் கூட்டிக்கிட்டு 1,600 மீட்டராவது விலகிடணும். ஆரஞ்சு சாய்சதுரப் பலகையில 1.1ன்னு இருந்தா, மொத்தச் சரக்கும் ஒரே நேரத்துல வெடிக்கிற வகை.

வேன்ல மின் டெட்டனேட்டர் (மின்சாரம் பாய்ஞ்சா வெடியைக் கிளப்புற சின்னக் குழாய்) இருக்கலாம், செல்போன் அலை அதைத் தூண்டிடலாம். அதனால குறைஞ்சது 100 மீட்டர் தள்ளிப் போன பிறகுதான் 112-க்குப் போன் போடுங்க. செல்போனோட வீடியோ எடுக்க ஓடிவர்ற பசங்களை முதல்ல விரட்டுங்க. எனக்கு வண்டியைவிட அந்தக் கூட்டம்தான் பயம்.