டாஸ்மேனியக் குளிரில் கேமராவும், முன்பணம் கேட்கும் சுற்றுலாக்காரரும்

கேள்வி: மெல்பேர்னில் வசிக்கிறேன். சென்ற ஜூலையில் மவுண்ட் ஹாதம் பனிமலைக்குப் புதிய மிரர்லெஸ் கேமராவுடன் போனேன். முக்கால் மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிட்டது. விடுதிக்குத் திரும்பியதும் லென்ஸ் முழுவதும் வெண்புகை படிந்தது. ‘பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிட்டது, வெதர் சீல் உள்ள லென்ஸ் வாங்குங்கள்’ என்கிறார் கடைக்காரர். வருகிற ஜூலையில் டாஸ்மேனியாவின் கிரேடில் மலைக்குப் போக ஆசை. வாட்ஸாப் குழுவில் அறிமுகமான ஒருவர் நான்கு நாள் ஒளிப்படப் பயணத்துக்கு 1,850 டாலர் கேட்கிறார், பாதி முன்பணம், அரோரா (இரவு வானில் தோன்றும் துருவ ஒளி) உறுதி என்கிறார். சேரலாமா? நண்பர் ஒருவரின் நிச்சயதார்த்தப் படங்களையும் அங்கேயே எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள். பூங்காவில் அதற்கு அனுமதி வேண்டுமா?

பதில்: உங்கள் கேமராவுக்கு எந்தக் கேடும் நேரவில்லை. நீங்கள் கண்டது பூஞ்சை அன்று, வேர்வை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்த தண்ணீர்ப் பாட்டில் சற்று நேரத்தில் வெளிப்புறமெல்லாம் வேர்ப்பதை ஆயிரம் முறை பார்த்திருப்பீர்கள். அதேதான் இங்கும் நடந்தது. மலையில் மணிக்கணக்கில் குளிர்ந்துபோன கேமரா, ஹீட்டர் ஓடும் அறைக்குள் நுழைந்தவுடன், நனைந்த கோட்டுகளும் கொதிக்கும் கெட்டிலும் நாலைந்து பேரின் மூச்சும் சேர்ந்து ஈரமாக்கி வைத்திருந்த காற்று அந்தக் குளிர்ந்த கண்ணாடியின் மேல் நீராகப் படிந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் அது தானாக மறைந்திருந்தால் பூஞ்சை என்ற பேச்சுக்கே இடமில்லை. பூஞ்சை மறையாது, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து லென்ஸுக்குள் பார்த்தால் சிலந்தி நூலைப் போலத் தெரியும், அடுத்த வாரம் பார்த்தாலும் அங்கேயே இருக்கும். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் கூட ஆகாது. அதைச் செய்யாமல் புதிய லென்ஸை எடுத்து நீட்டிய கடைக்காரரின் அக்கறை உங்கள் கேமராவின் மீது இல்லை.

வெதர் சீல் என்பது மழைத்துளியையும் தூசியையும் தடுக்கும் ரப்பர் வளையங்களே தவிர, காற்றை அடைத்து வைக்கும் ஏற்பாடு அன்று. ஜூம் லென்ஸை நீட்டிச் சுருக்கும் ஒவ்வொரு முறையும் அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. ஆகவே எவ்வளவு விலையுள்ள லென்ஸும் அறைக்குள் வந்தால் வேர்க்கத்தான் செய்யும். இதற்கான மருந்து சில காசு பெறும் ஜிப் போட்ட நெகிழிப் பை. அறைக்குள்ளோ ஹீட்டர் போட்ட காருக்குள்ளோ நுழையும் முன், வெளியிலேயே நின்று கேமராவின் மேல் உள்ள பனித்தூளையும் ஈரத்தையும் துணியால் துடைத்துவிட்டு, பைக்குள் போட்டு, உள்ளிருக்கும் காற்றை இயன்றவரை பிதுக்கி வெளியேற்றி மூடிவிடுங்கள். வேர்வை பையின் வெளிப்புறத்தில் படியும். கேமரா உள்ளே மெதுவாகச் சூடேறும். இரண்டு மணி நேரமாவது திறக்காதீர்கள். படங்களைப் பார்க்காமல் பொறுத்திருக்க முடியாதவர், மெமரி கார்டை மட்டும் பையில் போடுவதற்கு முன்பே கழற்றி வைத்துக்கொள்ளலாம்.

பேட்டரியும் சாகவில்லை. குளிரில் லித்தியம் அயான் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகிவிடுவதால், உள்ளே மின்சாரம் மிச்சமிருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகக் கேமரா கணக்கிட்டு அணைந்துவிடுகிறது. அதைக் கழற்றி உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் கால் மணி நேரம் வைத்திருந்தால் பெரும்பாலும் மறுபடி எழுந்துகொள்ளும். உபரியாக இரண்டு பேட்டரிகளை உடம்போடு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். குளிர்ந்த பேட்டரியை அப்படியே சார்ஜரில் மாட்டாதீர்கள். சுழியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்வது உண்மையிலேயே அதைக் கெடுக்கும். விமானத்தில் போவதானால் உபரி பேட்டரிகள் கைப்பையில் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது.

இனி அந்த 1,850 டாலர் மனிதருக்கு வருவோம். உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்படுத்தியது கேமரா அன்று, இதுதான்.

அரோரா உறுதி என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பும் துகள்மேகம் பூமியை வந்தடைய ஏறக்குறைய ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். அது கிளம்பிய பிறகுதான் முன்னறிவிப்பே தொடங்குகிறது. பல மாதங்களுக்கு முன் முன்பணம் வாங்குகிறவருக்குச் சூரியன் தனியாகக் கடிதம் போட்டிருக்க முடியாது. 2024 மே 10, 11 தேதிகளில் அப்படிப்பட்ட துகள்மேகங்கள் கிளப்பிய காந்தப் புயலின்போது வடக்கே வெகு தொலைவில் உள்ள குயின்ஸ்லாந்தில் இருந்தவர்களுக்குக் கூட அரோரா தெரிந்தது. அதற்காக யாரும் பயணச்சீட்டு வாங்கவில்லை, வீட்டுக் கொல்லையில் நின்று பார்த்தார்கள். ஆஸ்திரேலிய வானிலை மையத்தின் விண்வெளி வானிலைப் பிரிவு அரோரா எச்சரிக்கைகளைக் காசு வாங்காமல் மின்னஞ்சலில் அனுப்புகிறது. அப்படியே ஒரு நல்ல புயல் வந்தாலும், கிரேடில் மலையில் குளிர்கால இரவுகளில் பலவும் மேகமும் மழையும் பனியுமாகவே கழியும்.

அவர் அனுப்பிய விளம்பரப் படங்களையும் ஒருமுறை கூர்ந்து பாருங்கள். டாஸ்மேனியாவில் அரோரா வழக்கமாகத் தெற்கு அடிவானத்தை ஒட்டித் தாழ்வாகத் தெரியும். கேமராவில் பச்சையும் சிவப்புமாகப் பதிவாவது கண்ணுக்குப் பல நேரம் சாம்பல் நிறப் புகையாகத்தான் இருக்கும். தலைக்கு மேலே பச்சைத் திரைச்சீலை ஆடுகிற படமென்றால் அது பெரும்பாலும் வடதுருவத்தை ஒட்டிய ஏதோ ஒரு நாட்டில் எடுத்தது. மலைச்சரிவு முழுவதும் ஆரஞ்சு நிற இலைகள் கொழுந்துவிட்டு எரிகிற படம் இருந்தால் இன்னும் எளிது. அது ஃபேகஸ் என்று உள்ளூரில் அழைக்கப்படும் சிறுமரம். டாஸ்மேனியாவில் மட்டுமே வளர்வது, குளிரில் இலை முழுவதையும் உதிர்ப்பது. அது நிறம் மாறுவது ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை. ஜூலையில் போனால் குச்சிகளைத்தான் படமெடுக்க வேண்டும். ஜூலைப் பயணத்துக்கு ஃபேகஸ் படத்தைக் காட்டி ஆள் சேர்க்கிறவர் அந்த மலையை ஜூலையில் பார்த்ததில்லை, அல்லது நீங்கள் பார்த்ததில்லை என்பதை நன்றாகத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

சூரியன் உதிக்கும்போது கிரேடில் மலையடிவாரத்து டவ் ஏரிக்கரையில் நிற்கலாம் என்றும் சொல்லியிருப்பார். எப்படிப் போவீர்கள் என்று கேளுங்கள். பகலில் ஏரிவரை செல்வது பூங்காவின் ஷட்டில் பேருந்து. குளிர்காலத்தில் அதன் நேரம் சுருங்கிவிடும், முதல் வண்டி கிளம்புவதற்குள் விடிந்துவிடக்கூடும். இதற்கு அவரிடம் நேரான பதில் இருக்கிறதா என்பதே நல்ல சோதனை. தேசியப் பூங்காவுக்குள் காசு வாங்கிக்கொண்டு ஆட்களை அழைத்துச் செல்பவர் பூங்கா நிர்வாகத்தின் வணிக உரிமம் பெற்றிருக்க வேண்டும், காப்பீடும் வைத்திருக்க வேண்டும். அந்த உரிமத்தின் நகலைக் கேளுங்கள். ‘எனக்கு ஏபிஎன் இருக்கிறது’ என்று பதினொரு இலக்க எண்ணை அனுப்பினால் மயங்காதீர்கள். அது வரிக்கணக்குக்கான வணிக எண், யார் வேண்டுமானாலும் எளிதாக வாங்கிவிடலாம், மலையேற்றி இறக்கும் தகுதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. தனிப்பட்ட வங்கிக் கணக்குக்குப் பணம் மாற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கிரெடிட் கார்டில் கட்டினால் ஏமாற்று என்று தெரிந்தபின் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கோரவாவது ஒரு வழி இருக்கும். பொய் விளம்பரம் இந்நாட்டில் சட்டப்படி குற்றம்தான். ஆனால் 925 டாலருக்காகப் புகார் எழுதி, குறிப்பு எண் வாங்கி, ‘உங்கள் முறையீடு பரிசீலனையில் உள்ளது’ என்ற கடிதத்தை வைத்துக்கொண்டு அடுத்த குளிர்காலம் வரை காத்திருக்கும் பொறுமை உங்களுக்கு இருக்கிறதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். என் மாணவர் ஒருவர் காத்திருந்தார். அவருக்குக் கிடைத்தது இன்னொரு குறிப்பு எண்.

எல்லாப் பயண ஏற்பாட்டாளர்களும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் உங்களுக்கு அவர் தேவையே இல்லை. ஜீலாங்கிலிருந்து கப்பலில் உங்கள் காரையே ஏற்றிக்கொண்டு டெவன்போர்ட்டில் இறங்கினால், அங்கிருந்து கிரேடில் மலை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பாதை. மூன்று நண்பர்கள் சேர்ந்தால் செலவு மூன்றாகப் பிரியும். பூங்காச் சீட்டையும் வண்டிக்கு ஒன்றாக வாங்கலாம். பனி உறைந்த சாலையில் விடியலிலும் மாலையிலும் மெதுவாக ஓட்டுங்கள், வாம்பாட், வாலபி போன்ற விலங்குகள் குறுக்கே வரும். வாடகைக் கார் என்றால் பனிச்சாலையில் நேரும் சேதத்துக்குக் காப்பீடு உண்டா என்று ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

அனுமதி பற்றிய கேள்விக்கு ஒரு வரியில் பதில்: உங்கள் மனநிறைவுக்காக எடுக்கும் படத்துக்கு எந்த அனுமதியும் வேண்டாம். ஆனால் நிச்சயதார்த்தப் படம் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் விதிவிலக்கு நுழைகிறது. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்குதான். கேமரா பெரியதா, முக்காலி இருக்கிறதா என்பதை வைத்து இது தீர்மானமாவதில்லை. படம் வணிகத்துக்கா இல்லையா என்பதே கேள்வி. நண்பர் என்ற உரிமையில் காசு வாங்காமல் எடுத்துக் கொடுத்தால் அது உங்கள் சொந்தப் படம். அவர் 200 டாலர் கொடுத்தால் அது வணிகம். ‘காசு வேண்டாம், கப்பல் கட்டணத்தை நான் கட்டிவிடுகிறேன்’ என்று அவர் சொன்னால்? கூலியைப் பணமாக வாங்காமல் பொருளாக வாங்கினீர்கள் என்று ஓர் அதிகாரி வாதிட முடியும். இல்லை என்று நீங்களும் வாதிட முடியும். அந்த விவாதத்தை மலையடிவாரத்தில் சாரல் மழையில் மணப்பெண் பட்டுப்புடவையில் நடுங்கிக்கொண்டிருக்கும்போது நடத்த வேண்டியிருக்கும். இலவசமாக எடுத்த படத்தை உங்கள் ஒளிப்படத் தொழிலுக்கான பக்கத்தில் விளம்பரமாகப் போட்டாலும் கேள்வி மறுபடி எழும். ஆகவே பணமோ விளம்பரமோ ஒரு துளி கலந்தாலும், தேதி, இடம், ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பிட்டு முன்கூட்டியே பூங்கா நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றும் பெரும்பாலும் கேட்பார்கள்.

இதை ஒரே இடத்தில் தெரிந்துகொள்ள முடிந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. கிரேடில் மலை டாஸ்மேனிய மாநிலத்தின் பொறுப்பு; மவுண்ட் ஹாதம் விக்டோரியாவின் பனிமலை விடுதிகளுக்கென்று உள்ள தனி வாரியத்தின் கீழ் வருகிறது, அதைச் சுற்றியுள்ள தேசியப் பூங்கா வேறொரு நிர்வாகத்தின் கீழ்; நடு ஆஸ்திரேலியாவின் உலுரு பாறை காமன்வெல்த் (மத்திய) அரசின் பொறுப்பு, அங்கே அனங்கு பூர்வகுடி மக்களின் புனித இடங்களைச் சொந்த உபயோகத்துக்கும் படமெடுக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம், ஒரு கட்டணம், ஒரு விளக்கம். நான் ஒருமுறை ஓர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டபோது, நான் ஏற்கெனவே படித்துவிட்டுப் புரியாமல் கேட்ட அதே பக்கத்தின் இணைப்பையே பதிலாக அனுப்பினார்கள். டிரோனுக்கும் இதே குழப்பம்: 120 மீட்டருக்கு மேல் பறக்கவிடாதே என்பது விமானப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி; அதைக் கடைப்பிடித்தாலும் டாஸ்மேனியப் பூங்காவுக்குள் அனுமதியின்றி டிரோனை எழுப்பக் கூடாது. வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஊரிலிருந்து வந்தவர்கள் இதில் தடுமாறுவதால் சொல்லிவிடுகிறேன். இங்கே சூரியன் வடக்கு வானத்தின் வழியாகப் போகிறது. கிரேடில் மலையில் ஜூன் கடைசியில் நண்பகலிலும் அது 25 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். ஆகவே மேகம் விலகினால் பகல் முழுவதும் சாய்ந்த, நிழல் நீண்ட வெளிச்சம். டவ் ஏரியின் வடகரையில் நின்று தெற்கே மலையைப் பார்க்கும்போது நண்பகல் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பாறையின் மடிப்புகள் தட்டையாகிவிடும். காலையில் பக்கவாட்டில் விழும் ஒளிதான் அவற்றை எடுத்துக் காட்டும். பனி நிறைந்த காட்சியைக் கேமரா தன் போக்கில் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, ஒரு ஸ்டாப்போ ஒன்றரையோ (கேமராவில் +1 அல்லது +1.5) கூட்டி வையுங்கள்.

அரோராவுக்குக் கொடுக்க நினைத்த பணத்தை மிச்சப்படுத்தி, அமாவாசையை ஒட்டி நாள் குறியுங்கள். இதற்கு வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி நாட்காட்டியே போதும். ஜூலை நடுவில் இரவு 10 மணியளவில் பால்வீதியின் மையப்பகுதி ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும். மேகமில்லாத அந்த இரவுகளில் மட்டும் லென்ஸ் வெளியில் இருக்கும்போதே வேர்க்கும். கையுறைக்குள் வைக்கும் வெப்பப்பொதி ஒன்றை ரப்பர் பட்டையால் லென்ஸின் கழுத்தில் கட்டிவிடுங்கள். அறைக்குத் திரும்பும்போது பொதியைக் கழற்றிவிட்டு, வாசலிலேயே நின்று, மறக்காமல் பைக்குள் போடுங்கள்.