தஞ்சாவூரில் லாரி, பஸ் நெரிசலில் சிக்காமல் சைக்கிள் ஓட்ட வழி கண்டுபிடிப்பது எப்படி?

கரையைப் பிடியுங்கள். மேட்டூர்த் திட்டத்தோடு 1934இல் வந்த புது ஆறு என்னும் கால்வாய், கல்லணையில் பிரிந்து தஞ்சாவூர் நகருக்குள்ளேயே ஓடுகிறது. கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, அதன் கரையோடு விரலை நகர்த்துங்கள். வெளிர்நிறக் கோடு தெரிந்தால் பெரும்பாலும் வண்டித்தடம்தான். கோடு அறுந்தால் அடுத்த பாலம் எங்கே என்று பாருங்கள்.

பிறகு ஞாயிறு விடியலில் துணையோடு ஒருமுறை போய்வாருங்கள். கரை பாலத்தைத் தொடும் இடம்தான் ஆபத்து: சரிவிலிருந்து சட்டென்று மெயின்ரோட்டில் ஏறுவோம், பஸ் ஓட்டுபவர் கண்ணுக்கு நாம் தெரியவே மாட்டோம். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டே கடந்து செல்லுங்கள். கருவேல முள் டயரைப் பதம் பார்க்கும், பஞ்சர் ஒட்டும் சாமான் கையில் இருக்கட்டும். மழை பெய்த மறுநாள் வேண்டாம். களிமண் மட்கார்டில் அப்பி, சக்கரமே சுற்றாது.