1919 பட்டம் தானமாக வந்ததா?

கேள்வி: 1919-இல் அமெரிக்க பேஸ்பாலின் உலகத் தொடரை சின்சினாட்டி ரெட்ஸ் அணி வென்றதாகப் பதிவேடுகள் சொல்கின்றன. எதிரணியான சிகாகோ வைட் சாக்ஸின் வீரர்கள் எட்டுப் பேர் சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்றார்கள் என்பது ஊரறிந்த செய்தி. அப்படியானால் அந்தப் பட்டம் எதிரி போட்ட பிச்சைதானே? அதைப் பட்டியலிலிருந்து அடித்திருக்க வேண்டாமா?

பதில்: முதலில் ஒரு திருத்தம். எட்டுப் பேரும் பணம் வாங்கவில்லை. மூன்றாம் தளக் காவலர் பக் வீவர் சதி நடப்பது தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தார். ஒரு காசும் பெறவில்லை. அந்த மௌனத்துக்காகவே அவருக்கும் ஆயுள் தடை விதிக்கப்பட்டது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அது உலகத் தொடர், அதாவது இரண்டு லீக்குகளிலும் முதலிடம் பெற்ற அணிகளின் மோதல், ஆரம்பித்த அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்து தொடங்குகிறது. சின்சினாட்டியின் பருவமோ ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டது. உலகப் போர் அப்போதுதான் ஓய்ந்திருந்ததால் வழக்கமான 154 ஆட்டங்கள் 140 ஆகச் சுருக்கப்பட்டிருந்த அந்தப் பருவத்தில் ரெட்ஸ் அணி 96 ஆட்டங்களை வென்று 44-இல் மட்டுமே தோற்றது. நேஷனல் லீக்கில் இரண்டாம் இடம் பெற்ற நியூயார்க் ஜயன்ட்ஸ் ஒன்பது ஆட்டங்கள் பின்தங்கி நின்றது. அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பிடித்த வைட் சாக்ஸின் கணக்கு 88 வெற்றி, 52 தோல்வி. இரண்டு அணிகளும் வெவ்வேறு லீக்கைச் சேர்ந்தவை என்பதால் உலகத் தொடருக்கு முன் போட்டிக் கணக்கில் அவை நேருக்கு நேர் மோதியதே இல்லை. ஆகவே அந்த 96 வெற்றிகளில் ஒன்றைக்கூட வைட் சாக்ஸ் யாருக்கும் விட்டுக்கொடுத்திருக்க வழியில்லை. வைட் சாக்ஸே வெல்லும் என்று அன்று பெரும்பாலோர் எதிர்பார்த்தது உண்மைதான். 1917-இல் பட்டம் வென்ற அணி, ஷூலெஸ் ஜோ ஜாக்சனும் எடி காலின்ஸும் ஆடும் அணி என்ற பெயர் அதற்கு இருந்தது. சின்சினாட்டிக்கோ நேஷனல் லீக்கில் அதுவே முதல் முதலிடம். பெயரை வைத்துப் பந்தயம் கட்டியவர்களின் கணிப்பைத்தான் நீங்கள் தீர்ப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த அணி எப்படி உருவானது என்பதையும் பார்க்க வேண்டும். 1918-இல் மூன்றாம் இடத்தில் முடித்த ரெட்ஸ் அணியின் மேலாளர் கிறிஸ்டி மேத்யூசன். தன் முதல் தளக் காவலர் ஹால் சேஸ் பணத்துக்காக ஆட்டங்களைக் கெடுக்கிறார் என்று சந்தேகித்து, அந்த ஆண்டு ஆகஸ்டில் அவரை இடைநீக்கம் செய்தார். பிறகு ராணுவத்தில் சேர்ந்து பிரான்சுக்குப் போய்விட்டார். 1919-இன் தொடக்கத்தில் விசாரணை நடந்தபோது முக்கியச் சாட்சி கடல் கடந்து இருந்ததால், போதிய ஆதாரம் இல்லையென்று லீக் தலைவர் ஜான் ஹைட்லர் சேஸை விடுவித்தார். ரெட்ஸ் அவரை ஜயன்ட்ஸுக்கு அனுப்பிவிட்டு, அவருடைய இடத்துக்கு புரூக்ளினிலிருந்து ஜேக் டாபர்ட்டைக் கொண்டுவந்தது. மேத்யூசன் திரும்பும் நாள் தெரியாத நிலையில், 1915-இல் பிலடெல்பியாவுக்கு லீக் முதலிடம் வாங்கித் தந்த பாட் மோரன் மேலாளர் ஆனார். பணத்துக்கு ஆடுபவர் என்று சந்தேகம் எழுந்தவுடன் ஆளை வெளியேற்றிய அணி எது, எட்டுப் பேரை வைத்துக்கொண்டு உலகத் தொடருக்கு வந்த அணி எது என்பதைக் கொஞ்சம் ஒப்பிட்டுப் பாருங்கள். (அதே மேத்யூசன் 1919 தொடரின்போது பத்திரிகையாளர் ஹியூ ஃபுல்லர்ட்டனுக்குப் பக்கத்தில் அமர்ந்து, ஆட்டத்தில் சந்தேகத்துக்கு இடமான கட்டங்களைக் குறித்துக் கொடுத்தார் என்பது தனிக் கதை.)

மோரன் கையில் இருந்த பெரிய பலம் பந்தெறிபவர்கள். இடக்கையர் ஸ்லிம் சாலி அந்தப் பருவத்தில் 21 ஆட்டங்களை வென்றார். 227 இன்னிங்ஸுக்கு மேல் வீசிய அவர் தவறான பந்துகளால் இலவசமாக முதல் தளத்துக்கு அனுப்பிய மட்டையாளர்கள் மொத்தமே 20 பேர். பந்தெறிபவரின் வெற்றிகளின் எண்ணிக்கை அவர் இப்படி இலவசமாகத் தளத்துக்கு அனுப்பியவர்களின் எண்ணிக்கையை விஞ்சுவது அந்த ஆட்டத்தில் மிக அபூர்வம். ஹாட் எல்லரும் டச் ரூதரும் ஆளுக்கு 19 வெற்றி பெற்றார்கள். எல்லர் மே 11-ஆம் தேதி செயின்ட் லூயிஸ் அணியை ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துத் தளத்தை எட்டுவது) அடிக்கவிடாமல் வீழ்த்தினார். கியூபாவிலிருந்து வந்த டால்ஃப் லூக்கே 10 வெற்றிகளோடு இவர்களுக்கு அடுத்த வரிசையில் இருந்தார். 140 ஆட்டங்களில் ரெட்ஸ் விட்டுக்கொடுத்த ஓட்டங்கள் 401. ஆட்டத்துக்கு மூன்றுகூட இல்லை. மட்டையில் எட் ரவுஷ் .321 சராசரியுடன் (ஆயிரம் முயற்சிகளுக்கு 321 ஹிட் என்ற கணக்கு) லீக்கிலேயே முதலிடம் பெற்றார். பாட்டில் வடிவ மட்டையை வைத்து ஆடிய ஹைனி குரோ .310 எடுத்தார்.

எல்லரின் ஆயுதம் பந்தின் ஒரு பகுதியைத் தேய்த்து வழவழப்பாக்கி வீசுவது. பந்தின் ஒரு பக்கத்தைக் காற்சட்டையில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கும் கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1919-இல் அது சட்டப்படி செல்லும். 1920 தொடங்குமுன் தடை வந்தது. அடுத்த இரண்டு பருவங்களில் எல்லரின் பெரிய லீக் வாழ்க்கையும் முடிந்துபோனது.

இப்போது தொடருக்கு வருவோம். ஒன்பது ஆட்டங்களில் ஐந்தை வெல்பவருக்குப் பட்டம் என்ற கணக்கில் அது நடந்தது. ரெட்ஸ் ஐந்துக்கு மூன்று என்று வென்றது. முதல் ஆட்டத்தில் வைட் சாக்ஸின் பந்தெறிபவர் எடி சிகாட் தன் இரண்டாவது பந்தை ரெட்ஸின் மட்டையாளர் மோரி ராத்தின் முதுகில் எறிந்தார். சதி உறுதி என்பதற்கான சைகை அதுவே என்பார்கள். ரெட்ஸ் 9-1 என்று வென்ற அந்த ஆட்டம் கறை படிந்தது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இரண்டாம் ஆட்டத்தின் நான்காம் இன்னிங்ஸில் வைட் சாக்ஸின் இன்னொரு பந்தெறிபவர் லெஃப்டி வில்லியம்ஸ் மூன்று பேரை இலவசமாகத் தளத்துக்கு அனுப்பியதும், நான்காம் ஆட்டத்தின் ஐந்தாம் இன்னிங்ஸில் சிகாட் செய்த இரண்டு பிழைகளும் அப்படியே.

ஆனால் எதிரணிப் பந்தெறிபவர் ஒத்துழைத்தால் ரெட்ஸுக்கு ஓட்டம் கிடைக்கும். ரெட்ஸின் பந்தெறிபவர் எதிரணியை அடக்கியதற்கு அது விளக்கம் ஆகாது. நான்காம் ஆட்டத்தில் ரெட்ஸின் ஜிம்மி ரிங் மூன்றே ஹிட்கள் கொடுத்து 2-0 என்று முடித்தார். அடுத்த ஆட்டத்தில் எல்லரும் மூன்றே ஹிட்கள் கொடுத்து 5-0 என்று வென்றார். அந்த ஆட்டத்தின் இரண்டாம், மூன்றாம் இன்னிங்ஸில் அவர் தொடர்ச்சியாக ஆறு பேரைப் பந்தைத் தொடவிடாமலே வெளியேற்றினார் (ஸ்ட்ரைக் அவுட்). யார் யார் என்று பாருங்கள்: சிக் கண்டில், ஸ்வீட் ரிஸ்பர்க், ரே ஷால்க், லெஃப்டி வில்லியம்ஸ், நெமோ லீபோல்ட், எடி காலின்ஸ். இவர்களில் கண்டில், ரிஸ்பர்க், வில்லியம்ஸ் மூவரும் சதிகாரர்கள். ஷால்க், லீபோல்ட், காலின்ஸ் மூவர்மீதும் யாரும் விரல் நீட்டியதில்லை. பணம் வாங்கியவரும் வாங்காதவரும் ஒரே மாதிரி மட்டையைச் சுழற்றிவிட்டு உட்காரப் போனார்கள். தொடர் முழுவதிலும் நேர்மையான லீபோல்ட் 18 முயற்சிகளில் ஒரே ஒரு ஹிட் அடித்தார். தன் காலத்தின் மிகச் சிறந்த இரண்டாம் தளக் காவலராக எண்ணப்பட்ட காலின்ஸின் சராசரி.226. சதியில் பெயர் அடிபட்ட ஜாக்சனோ .375 அடித்தார். இந்த எண்களை வைத்து யார் நேர்மையாக ஆடினார், யார் ஆடவில்லை என்று உங்களால் பிரிக்க முடிந்தால் எனக்கும் எழுதியனுப்புங்கள்.

சதி இல்லாவிட்டாலும் ரெட்ஸே வென்றிருக்கும் என்று நான் வாதிட வரவில்லை. ரவுஷ் 1988-இல் இறக்கும்வரை அப்படித்தான் சொல்லிவந்தார். அவர் அந்த அணியில் ஆடியவர், அவர் சொல்லலாம். ஆனால் அந்தத் தொடரில் அவருடைய சராசரி .214, குரோவினுடையது .172 என்பதையும் மறைக்கக் கூடாது. வைட் சாக்ஸுக்காக நேர்மையாக வீசிய டிக்கி கெர், ரெட்ஸை இரண்டு முறை தோற்கடித்தார் என்பதும் எதிர்த்தரப்புக்குச் சாதகமான செய்தி. உடல்நலமின்மையால் ஆடாத வைட் சாக்ஸ் பந்தெறிபவர் ரெட் ஃபேபர் களமிறங்கியிருந்தால் வைட் சாக்ஸ் இன்னும் வலுவாக இருந்திருக்கும்; அதற்கும் சூதாடிகளுக்கும் சம்பந்தம் இல்லை. என் வாதம் ஒன்றுதான்: நேர்மையாக ஆடியிருந்தால் யார் வென்றிருப்பார் என்ற கேள்விக்கு விடை இல்லாதபோது, விடை தெரிந்தவர்போல் பிச்சை என்று எழுதுவது அந்த 96 வெற்றிகளுக்குச் செய்யும் அநியாயம்.

சூதாடிகள் சின்சினாட்டிப் பக்கம் வராமலும் இல்லை. எட்டாம் ஆட்டத்துக்கு முன் எல்லரிடம் ஒருவன் ஆயிரம் டாலர் நோட்டுகள் ஐந்தைக் காட்டிப் பேரம் பேசியதாகவும், எல்லர் அவனை விரட்டிவிட்டு நடந்ததை மோரனிடம் எல்லோர் முன்னிலையிலும் சொன்னதாகவும், மோரன் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துக்கொண்டே அவரைப் பந்தெறிய அனுப்பியதாகவும் ரவுஷ் பிற்காலத்தில் சொன்னார். சொன்னவர் ரவுஷ் ஒருவர்தான் என்பதால் அதை நீங்கள் நம்பாமலும் இருக்கலாம். ஆனால் அன்று எல்லர் கடைசிவரை வீசினார் என்பதும், ரெட்ஸ் 10-5 என்று வென்று பட்டம் பெற்றது என்பதும் பதிவில் இருக்கின்றன. தோற்பதற்காக ஜாக்சனுக்குக் கிடைத்தது 5,000 டாலர்; வென்ற அணியின் வீரருக்கு முறையான பங்காகக் கிடைத்தது ஏறத்தாழ 5,200 டாலர்!

பட்டத்தை அடித்திருக்க வேண்டாமா என்கிறீர்கள். 1921 ஆகஸ்ட் 2-ஆம் தேதி நீதிமன்றம் வைட் சாக்ஸ் வீரர்களை விடுதலை செய்தது. மறுநாளே பேஸ்பால் ஆணையர் கெனசா மவுன்டன் லாண்டிஸ் அந்த எட்டுப் பேரையும் ஆட்டத்திலிருந்து நிரந்தரமாக விலக்கினார். சட்டத்தின் தீர்ப்பையே பொருட்படுத்தாத அந்த மனிதர்கூட ரெட்ஸின் பட்டத்தைத் தொடவில்லை. சின்சினாட்டி வீரர் ஒருவர்மீதும் குற்றச்சாட்டே இல்லாதபோது தொடுவதற்கு அவருக்குக் காரணம் இல்லை. சரி, அடித்தே விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் கொடுப்பது? வைட் சாக்ஸிடம் முடியாது. நேஷனல் லீக்கில் ரெட்ஸுக்கு அடுத்து நின்றது நியூயார்க் ஜயன்ட்ஸ். அந்த அணியில்தான் அந்த ஆண்டு ஹால் சேஸ் ஆடிக்கொண்டிருந்தார். சக வீரர்களுக்கு லஞ்சம் கொடுக்க முயன்றதாக செப்டம்பரில் வெளியேற்றப்பட்ட ஹைனி சிம்மர்மனும் அதே அணியில்தான் இருந்தார். இருவருமே 1919-க்குப் பிறகு பெரிய லீக்கில் மட்டை பிடிக்கவில்லை.