ஐஆர் (அகச்சிவப்பு) நிறமாலையில் 3400-ல் அகலமான பட்டை: ஆல்கஹால் மிச்சமா, ஈரமா?

"பென்ஸ்ஹைட்ரால் என்ற ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் செய்து பென்ஸோபீனோன் என்ற கீட்டோனை எடுத்தோம். கேபிஆர் பெல்லட்டில் 1658-ல் கார்போனைல் (சி=ஓ) பட்டை வந்துவிட்டது. ஆனால் 3400-லும் அகலமாக ஒரு மேடு. வினை முடியவில்லையா?" என்பது கேள்வி. (எண்களெல்லாம் செ.மீ⁻¹ அலகில். கேபிஆர் பெல்லட் என்பது சேர்மத்தைப் பொட்டாசியம் புரோமைடு உப்போடு கலந்து அழுத்திய வில்லை.)

பெரும்பாலும் அது பெல்லட்டில் ஏறிய தண்ணீர்தான். ஆனால் ஊகித்து எழுதாமல் சோதித்துவிடுங்கள்.

பிணைப்பை ஒரு சுருள்வில்லாக நினைத்துக்கொள்ளலாம். தனித்து நிற்கும் ஓ–ஹெச் பிணைப்பு 3600-ஐ ஒட்டிக் கூர்மையாக உறிஞ்சும். பக்கத்து மூலக்கூறோடு ஹைட்ரஜன் பிணைப்பு ஏற்பட்டால் வில் தளர்ந்து எண் இறங்கும். ஒவ்வொரு மூலக்கூறும் ஒவ்வொரு அளவு தளர்வதால் பட்டை அகலும். தண்ணீருக்கும் இதுதான், ஆல்கஹாலுக்கும் இதுதான். அதனால் 3400-ஐ மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

வழக்கமாக, தண்ணீர் என்றால் 1640 பக்கம் அதன் வளைவு அதிர்வும் தெரியும் என்பார்கள். உங்கள் சேர்மத்தில் அந்த வழி அடைபட்டிருக்கிறது: 1658-ல் கார்போனைல், 1600-ஐ ஒட்டி பென்சீன் வளையம், இரண்டுக்கும் நடுவே 1640 ஒளிந்துகொள்ளும். ஆகவே வேறு இரண்டு இடங்களைப் பாருங்கள். பென்ஸ்ஹைட்ரால் போன்ற ஈரிணைய ஆல்கஹாலின் சி–ஓ பட்டை 1000–1100-க்குள் வலுவாக வரும். தொடங்கிய பென்ஸ்ஹைட்ராலின் நிறமாலையை மேலே வைத்து ஒப்பிட்டால் போதும். அடுத்து, 3000-க்குச் சற்றுக் கீழே. பென்ஸோபீனோனில் வளையத்து ஹைட்ரஜன்கள் மட்டுமே உண்டு, அவை 3000-க்கு மேலே வரும். கீழே ஏதாவது தெரிந்தால் பென்ஸ்ஹைட்ராலாகவோ, மிச்சமிருக்கும் கரைப்பானாகவோ, கை எண்ணெயாகவோ இருக்கலாம். 3300 அருகே சின்னதாக, கூர்மையாக ஒன்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது கார்போனைலின் மேற்சுரம், 1658-ன் இருமடங்குக்குப் பக்கத்தில் விழுவது.

எல்லாவற்றையும்விட நம்பகமானது வெற்று பெல்லட். அதே புட்டியிலிருந்து 200 மி.கி. கேபிஆர் எடுத்து, சேர்மம் சேர்க்காமல், அதே நேரம் அரைத்து, அதே அழுத்தத்தில் அழுத்தி ஓட்டுங்கள். மேடு அதே உயரத்தில் வந்தால் விஷயம் முடிந்தது.

இனி பெல்லட்டைச் சரிசெய்வது. கேபிஆரை 110 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்தி, டெசிகேட்டரிலேயே (ஈரம் ஏறாத மூடிய கலன்) ஆறவிடுங்கள். 1–2 மி.கி. சேர்மத்தை அகேட் கல்வத்தில் முதலில் தனியாக நைஸாக அரைத்துக்கொண்டு, பிறகு 200 மி.கி. கேபிஆர் சேர்த்து ஒரு நிமிடம் கலந்தால் போதும். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்: குறைவாக அரைத்தால் துகள் பெரிதாகி ஒளி சிதறும், 4000 முனையில் அடிக்கோடு சரியும், கேபிஆரோடு சேர்த்துப் பத்து நிமிடம் அரைத்தால் காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் அது குடித்துவிடும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். 13 மி.மீ. டையில் (பெல்லட் அழுத்தும் எஃகு அச்சு) வெற்றிடம் போட்டு, 8–10 டன்னில் இரண்டு நிமிடம் வையுங்கள். வேலை முடிந்ததும் டையை உடனே கழுவி உலர்த்துங்கள், உப்பு எஃகைத் துருப்பிடிக்க வைக்கும்.

ஐஆர் கருவியில் ஏடிஆர் (குறைவுற்ற முழு எதிரொளிப்பு) இணைப்பு இருந்தால் கேபிஆரே வேண்டாம். படிகத்தின் மேல் பொடியை வைத்து அழுத்தினால் ஒரு நிமிடத்தில் முடியும். ஒரு எச்சரிக்கை: ஏடிஆரில் ஒளி ஊடுருவும் ஆழம் அலைநீளத்தோடு கூடுவதால் 3000-க்கு மேலுள்ள பட்டைகள் சிறுத்துத் தெரியும். மேடு குறைந்துவிட்டது என்பதாலேயே ஆல்கஹால் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

இரண்டு மூன்று சதவீத மிச்சத்தைப் பிடிக்க ஐஆர் தோதான கருவியும் அல்ல. அதற்கு டிஎல்சி (மென்படல வண்ணப்பிரிகை) போடுங்கள்: சிலிக்கா தகடு, ஹெக்சேன்–எத்தில் அசிடேட் 4:1, யூவி விளக்கு. பென்ஸ்ஹைட்ரால் கீழே தங்கும், பென்ஸோபீனோன் மேலே ஓடும்.