புதுப் பெட்டையைப் பழைய கோழிகளோடு எப்படிச் சேர்ப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வீட்டுக்குப் பின்னால் ஐந்து பெட்டையும் ஒரு சேவலும் ஒன்றரை வருடமாக இருக்கின்றன. நேற்று சந்தையில் ஒரு பெட்டை வாங்கி வந்து நேராக உள்ளே விட்டீர்கள். இன்று காலையில் பார்த்தால் அதன் கொண்டையில் ரத்தம். மூலையில் தலையைச் செருகிக்கொண்டு நிற்கிறது. "ரெண்டு நாள்ல தானா பழகிடும், விடுங்க" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். விடலாமா?

விடாதீர்கள். மீதியை அப்புறம் படிக்கலாம், முதலில் அதைப் பிடித்துத் தனியாக வையுங்கள். சும்மா துரத்துவதும் ஒரு கொத்து கொத்துவதும் வேறு, ரத்தம் வருவது வேறு. சிவப்பாக எது தெரிந்தாலும் கோழி கொத்திப் பார்க்கும். ரத்தம் கசியும் இடத்தை ஒன்று கொத்தினால் அடுத்ததும் வரும், கடைசியில் சேவலைத் தவிர எல்லாம் சேர்ந்துகொள்ளும். காயத்தை ஆறவைத்த வெந்நீரில் துடைத்துவிட்டு, மஞ்சள்தூளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். புண் ஆறுவது ஒரு பக்கம், அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போவதே பாதி வைத்தியம்.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கம். பன்னிரண்டு வருடமாக நாட்டுக்கோழி வைத்திருக்கிறேன். பண்ணை எல்லாம் இல்லை, வீட்டுத் தேவைக்கு எட்டுப் பத்து உருப்படிதான். புதுக்கோழி சேர்ப்பதில் செய்யக்கூடிய தப்பு அத்தனையையும் செய்து முடித்தவன் என்பதால் எழுதுகிறேன்.

என் முதல் தப்பு கொத்து சம்பந்தப்பட்டதே இல்லை. ஒரு வாரச் சந்தையில் அழகான செவலைப் பெட்டை ஒன்று கிடைத்தது. காலைக் கட்டி, பையில் தலை மட்டும் வெளியே தெரிய வண்டியில் தொங்கவிட்டுக் கொண்டுவந்து, சாயங்காலமே மற்றதோடு விட்டேன். ஆறாம் நாள் அது இறக்கையைத் தொங்கப்போட்டு நின்றது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. அடுத்த பத்து நாளில் என்னுடைய எட்டில் ஐந்து போய்விட்டது. வெள்ளைக்கழிச்சல். கால்நடை மருத்துவர்கள் ராணிக்கெட் என்பார்கள். உத்தராகண்ட் மலையில் இருக்கும் ராணிகேத் என்ற ஊரின் பெயர் அது. உலகத்தில் மற்ற இடங்களில் இதே நோயை நியூகாசில் என்று இங்கிலாந்து ஊரின் பெயரால் சொல்கிறார்கள். எந்த ஊர்ப் பெயரை வைத்தாலும் வந்துவிட்டால் மருந்து கிடையாது, முன்கூட்டிப் போடும் தடுப்பூசி மட்டும்தான்.

அதனால் இப்போது எந்தக் கோழி வந்தாலும் மூன்று வாரம் தனி. தனி என்றால் கூண்டுக்குள் ஒரு தடுப்பு வைப்பது இல்லை. எங்கள் வீட்டில் கோழிக்கூடு கிழக்குப் பக்கம், புது ஆளுக்கு மேற்குப் பக்கம் பழைய மாட்டுக்கொட்டகை. தனித் தண்ணீர்ச் சட்டி, தனித் தீவனத் தட்டு. பழைய கோழிகளுக்குப் போட்டுவிட்டுக் கடைசியாகத்தான் அங்கே போவேன், அந்தப் பக்கம் போக வேறு செருப்பு. வீட்டில் சிரித்தார்கள். ஐந்து கோழியைக் குழி தோண்டிப் புதைத்தவன் நான்தான், சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வெள்ளைக்கழிச்சல் உடம்புக்குள் இருந்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் வெளியே தெரிந்துவிடும். மூன்றாவது வாரம் என் மன நிம்மதிக்கு.

அந்த மூன்று வாரத்தில் செய்ய வேலை இருக்கிறது. இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகை விலக்கிப் பார்த்தால் பேன் ஓடுவது தெரியும். சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழியில் போட்டால் அதுவே புரண்டு குளித்துக்கொள்ளும். காலில் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் அது சிற்றுண்ணி. வேப்பெண்ணெய் நாலைந்து தடவை தடவ வேண்டும். மூக்கில் சளி, கண்ணோரம் வீக்கம், மூச்சு விடும்போது கர்ர் என்ற சத்தம் இருந்தால் அந்தக் கோழியைச் சேர்க்கவே வேண்டாம். சளி நோயில் சிலது, வெளிக்குத் தேறின மாதிரி இருந்தாலும் ஆயுசுக்கும் அந்தக் கோழியிடம் ஒட்டிக்கொண்டிருந்து மற்றதுக்குப் பரவும். ஆரோக்கியமாக இருந்தால் ராணிக்கெட் தடுப்பூசி போட்டுவிடுங்கள். எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு இறக்கைக்கு அடியில் தோலுக்குள் அரை மில்லி, அவ்வளவுதான். ஊசி போட்ட மறுநாளே பாதுகாப்பு வந்துவிடாது, இரண்டு வாரம் ஆகும்.

சரி, இனி கொத்துக்கு வருவோம்.

கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. முதல் கோழி எல்லாரையும் கொத்தும், கடைசிக் கோழி யாரையும் கொத்தாது. இதை முதன்முதலில் முறையாகக் கணக்கெடுத்தவர் தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே என்ற நார்வேக்காரர். சின்னப் பையனாக இருக்கும்போதே வீட்டுக் கோழிகளில் எது எதைக் கொத்துகிறது என்று பார்த்துக் குறித்து வைத்தவர், பெரியவனாகி 1922இல் அதை ஆராய்ச்சிக் கட்டுரையாகவே வெளியிட்டார். எங்கள் அமுச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, அவரைத் தெரியாது. ஆனால் எட்டுக் கோழியில் எது பெரியது, எது அதற்கு அடுத்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்.

இந்த வரிசை இருப்பதால்தான் உங்கள் ஐந்து பெட்டையும் ஒன்றரை வருடமாகச் சண்டையில்லாமல் இருக்கின்றன. தினமும் தீவனத் தட்டில் தீர்மானிக்க ஒன்றுமில்லை, எல்லாம் முன்பே தீர்ந்துவிட்டது. புதிதாக ஒன்று வந்தால் ஒவ்வொரு கோழியும் அதனோடு தனித்தனியாக ஒரு கணக்குத் தீர்க்க வேண்டும். அதாவது வந்தவளுக்கு ஒரே நாளில் ஐந்து சண்டை, மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. அதுவும் சந்தையில் பசியோடும் தாகத்தோடும் கிடந்துவிட்டு வந்த உடம்போடு.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். அதிகமாகக் கொத்துவது முதல் கோழி இல்லை. அது ஒருமுறை கழுத்து மயிரைச் சிலிர்த்து நிற்கும், புதுசு தலையைத் தாழ்த்திவிட்டால் போய்விடும். விடாமல் துரத்துவது கடைசிக் கோழிதான். இத்தனை நாள் தனக்குக் கீழே யாரும் இல்லாமல் இருந்தவள். எங்கள் வீட்டில் கிராப்புக் கழுத்துப் பெட்டை ஒன்று இருந்தது. எல்லாரிடமும் அடி வாங்கும் பரமசாது. புதுசு வந்த அன்றைக்கு அது போட்ட ஆட்டத்தைப் பார்த்து வாயடைத்துப் போனோம்.

எங்கள் அமுச்சியின் வழி கொடாப்பு. மூங்கிலில் பின்னிய கவிழ்க்கும் கூடை, தெற்கே பஞ்சாரம் என்பார்கள். "ஒரு வாரம் கொடாப்புல கவுத்து வையி சாமி. மொகம் பார்த்துக்கட்டும்" என்று சொல்லும். நான் அதைக் கேட்காமல் நேராக விட்டு, உங்களைப் போலவே ரத்தம் பார்த்த பிறகுதான் அதன் அருமை புரிந்தது. மூன்று வாரத் தனிமை முடிந்ததும், மற்ற கோழிகள் மேயும் இடத்துக்கு நடுவில், நிழலில், புதுசைக் கொடாப்பில் கவிழ்த்து வையுங்கள். உள்ளே தண்ணீர். மேலே ஒரு கல், இல்லாவிட்டால் நாய் புரட்டிவிடும். மூங்கில் சந்து வழியாக எல்லாரும் எல்லாரையும் பார்க்கலாம். கொத்த வந்தாலும் மூக்கு மட்டும்தான் நுழையும், நடுவில் நிற்கும் கோழிக்கு எட்டாது.

ஆனால் சும்மா கவிழ்த்து வைத்தால் போதாது. கொடாப்பைச் சுற்றிலும் கம்பும் அரிசிக் குருணையும் இறைக்க வேண்டும், உள்ளேயும் இறைக்க வேண்டும். முதல் நாள் பழைய கோழிகள் சந்து வழியாகக் கொத்தப் பார்க்கும். மூன்றாம் நாள் கொடாப்பை ஒட்டியே நின்று பொறுக்கிக்கொண்டிருக்கும், உள்ளே இருப்பவளும் இந்தப் பக்கமே வந்து பொறுக்குவாள். நடுவில் மூங்கில் இருக்கிறதே தவிர, அது ஒரே தட்டில் சாப்பிடுகிற மாதிரிதான். அந்தக் காட்சி வரும்வரை திறக்காதீர்கள். எனக்கு நான்கு நாளில் வந்ததும் உண்டு, பத்து நாள் ஆனதும் உண்டு. இந்த நாட்களில் இன்னொரு லாபம்: இதுதான் தன் வீடு என்று புதுசுக்குப் பதிந்துவிடும். பலர் காலில் துணியைக் கட்டி முளையில் கட்டிப்போடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. கட்டிய கோழியால் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. மற்றதெல்லாம் வந்து வசதியாகக் கொத்திவிட்டுப் போகும்.

ராத்திரியில் கொண்டுபோய் நடுவில் உட்காரவைத்துவிட்டால் காலையில் எதுவும் தெரியாது என்று அம்மா சொல்லும். ஊர் முழுக்க இதைத்தான் சொல்வார்கள். பாதி சரி. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது, அதனால் அந்த நேரத்தில் சண்டை வராது என்பது உண்மை. ஆனால் விடிந்ததும் 'இவள் நேற்றும் இருந்தாளே' என்று ஏமாறும் அளவுக்குக் கோழி முட்டாள் இல்லை. கொண்டையையும் முகத்தையும் பார்த்தே ஒவ்வொன்றையும் தனியாக அடையாளம் வைத்திருக்கும். முன்பின் பார்க்காத கோழியை ராத்திரியில் வைத்தால், காலையில் ஓட இடமில்லாத கூண்டுக்குள் சண்டை நடக்கும். கொடாப்பில் ஒரு வாரம் முகம் பார்த்த பிறகு ராத்திரியில் வைத்தால் நன்றாகவே வேலை செய்கிறது. ஒரே நிபந்தனை, விடியும்போது நீங்கள் எழுந்து கூண்டைத் திறந்துவிட வேண்டும். ஏழு மணிக்குத் திறக்கலாம் என்றால் வேண்டாம்.

திறந்துவிட்ட முதல் இரண்டு நாள் கொஞ்சம் கொத்து இருக்கும். அதை நிறுத்தப் பார்க்காதீர்கள், கணக்கு தீர வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது ஓடவும் ஒளியவும் இடம் வைப்பது. சுவரில் சாய்த்த தகரம், பழைய கட்டில், கவிழ்த்த கூடை எதுவானாலும் சரி, இரண்டு பக்கமும் வழி இருக்க வேண்டும். ஒரு பக்கம் அடைத்த மறைவு பொறிதான், உங்கள் கோழி மூலையில் நின்று அடி வாங்கியது அதனால்தான். தீவனமும் தண்ணீரும் இரண்டு இடத்தில், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாத தூரத்தில் வையுங்கள். நான் முருங்கைக்கீரைக் கொத்து ஒன்றைக் கோழி எட்டிப் பிடிக்கும் உயரத்தில் கட்டித் தொங்கவிடுவேன். எக்கி எக்கிக் கீரை பறிப்பதில் பாதிப் பகை மறந்துபோகும். கறையான் கிடைத்தால் இன்னும் விசேஷம், புற்றுமண்ணைக் கொட்டியதும் யாருக்கும் யாரும் கண்ணில் படமாட்டார்கள்.

சாயங்காலம் அடைந்த பிறகு புதுசின் கழுத்தடியில், மார்புக்கு மேலே கை வைத்துப் பாருங்கள். இரைப்பை புடைத்து மணி மணியாகத் தட்டுப்பட்டால் பகலில் சாப்பிட்டிருக்கிறது, கவலை இல்லை. துணிப்பை மாதிரித் தொளதொளவென்று இருந்தால் மற்றவை அதைத் தட்டுக்கு விடவில்லை என்று அர்த்தம். இரண்டு நாள் தொடர்ந்து அப்படி இருந்தால் மறுபடி கொடாப்பு. அல்லது, இது எனக்குப் பலமுறை கை கொடுத்தது, துரத்துகிற அந்த ஒரு கோழியைப் பிடித்து நான்கைந்து நாள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வையுங்கள். திரும்பி வரும்போது அதன் கெத்து குறைந்திருக்கும், புதுசு அதற்குள் மற்றவர்களோடு ஒட்டியிருக்கும்.

சேவல் உங்கள் பக்கம்தான். புதுப் பெட்டை என்றால் அதற்குத் தனிக் குஷி. இரை கண்டால் கூப்பிட்டுக் கொடுக்கும், பெட்டைகள் சண்டையிட்டால் நடுவில் வந்து நிற்கும். முட்டையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இடம் மாறிய பெட்டை இரண்டு வாரம், சில சமயம் ஒரு மாதம்கூட வைக்காது. முட்டை போடுகிற கோழி என்று சொல்லித்தான் ஏமாற்றிவிட்டார்கள் என்று விற்றவரைத் திட்ட வேண்டாம்.

அடுத்த முறை வாங்கினால் ஒன்றாக வாங்காதீர்கள், ஒரே இடத்திலிருந்து இரண்டாக வாங்குங்கள். அடி பிரிந்து விழும், ராத்திரி ஒட்டி உட்காரத் துணையும் இருக்கும். குஞ்சுகளையும் சின்ன விடைகளையும் பெரிய கோழிகளோடு நேராக விடவே கூடாது. உருவத்தில் கிட்டத்தட்டச் சமமாகும்வரை, அதாவது நாலு மாதமாவது, பொறுக்க வேண்டும்.

உங்கள் கோழி ஏற்கெனவே ஒரு நாள் முழுக்கக் கலந்துவிட்டது. அதனால் நோய்க்காகத் தனியாக வைப்பதில் இனி பாதிப் பலன்தான். காயம் ஆறும்வரை எப்படியும் தனியாகத்தான் இருக்கப் போகிறது, அந்த நாட்களில் அதை மட்டும் இல்லை, எல்லாக் கோழியின் எச்சத்தையும் தினமும் காலையில் பாருங்கள். பழையவற்றுக்குத் தடுப்பூசி போட்டு எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் கால்நடை மருந்தகத்தில் சொல்லிக் கேளுங்கள். பொருக்கு உதிர்ந்து கொண்டை பழைய நிறத்துக்கு வந்த பிறகு கொடாப்பிலிருந்து தொடங்குங்கள்.

நான் கடைசியாக இப்படிச் சேர்த்தது ஒரு சாம்பல் பெட்டை, போன தை மாதம். வரிசையில் கடைசிக்கு முந்தின இடத்தில் நின்றது. இப்போது பதினொரு முட்டையில் அடையில் இருக்கிறது. இருபத்தொரு நாள் கழித்துக் குஞ்சோடு இறங்கும்போது முதல் கோழிகூட அதற்கு வழிவிடும். குஞ்சைப் பிரித்த பிறகு என்ன ஆகும் என்றால், அது மறுபடி ஒரு சண்டை.