121 தோல்வி, பத்தாவது தேர்வு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிகாகோ வைட் சாக்ஸ் பேஸ்பால் அணி 2024இல் 121 ஆட்டங்களில் தோற்றது. அணிகள் வரிசையாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், அதிகம் தோற்ற அணிக்குத்தானே முன்னுரிமை? ஆனாலும் 2025 டிராஃப்டில் அதற்குப் பத்தாவது தேர்வுதான் கிடைத்தது. இது அநியாயம் இல்லையா? ஹூஸ்டன் அணி முதல் தேர்வுகளை வாங்கித்தானே எழுந்தது?

ஆர்.

அன்புள்ள ஆர்,

லீக்கும் வீரர் சங்கமும் 2022இல் போட்ட ஒப்பந்தப்படி முதல் ஆறு தேர்வுகள் குலுக்கலில்தான் முடிவாகும். வருமானப் பகிர்வில் மற்ற அணிகளுக்குப் பணம் கொடுக்கும் அணி, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் அந்த ஆறில் இடம் பிடிக்க முடியாது. வைட் சாக்ஸ் அப்படிப் பணம் கொடுக்கும் அணி; 2024இல் ஐந்தாவதாகத் தேர்ந்தெடுத்திருந்தது. வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க வந்த விதி இது. நான் அதன் பக்கம்தான்.

ஹூஸ்டன் எழுந்தது முதல் தேர்வுகளால் மட்டும் அல்ல. 2012, 2013, 2014 மூன்றிலும் முதல் தேர்வு அதற்கே. 2013இல் எடுத்த மார்க் அப்பெல் ஹூஸ்டனுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2014இல் எடுத்த பிரேடி ஏய்க்கன் ஒப்பந்தமே போடவில்லை. மிஞ்சியவர் 2012இல் எடுத்த கார்லோஸ் கொரேயா. அங்கேதான் நுட்பம் இருக்கிறது: அந்த இடத்துக்கு லீக் ஒதுக்கிய தொகை 72 லட்சம் டாலர், அவர் கையெழுத்திட்டது 48 லட்சத்துக்கு. மிச்சம் பிடித்த பணத்தால் 41ஆவது தேர்வான பிட்சர் (பந்து வீசுபவர்) லான்ஸ் மெக்கல்லர்ஸுக்கு 25 லட்சம் கொடுக்க முடிந்தது. ஹூஸ்டனின் இன்னொரு நட்சத்திரம் ஹோசே அல்துவே டிராஃப்டில் வந்தவரே அல்ல. 2007இல் வெனிசுவேலாவில் 15,000 டாலருக்குக் கிடைத்தவர். (ஹூஸ்டன் வென்ற 2017 கோப்பையில், எதிரணி கேட்சரின் சைகைகளைத் திருட்டுத்தனமாகப் படித்த கறை உண்டு. அதை மறைத்துப் பேச மாட்டேன்.)

வைட் சாக்ஸ் செய்த சரியான காரியம், 2024 டிசம்பரில் பிட்சர் காரட் குரோஷேவை பாஸ்டனுக்குக் கொடுத்தது. ஆறு ஆண்டு சேவை முடித்த வீரர் விரும்பிய அணிக்குப் போய்விடலாம். குரோஷேவுக்கு இன்னும் இரண்டு பருவங்கள் மீதி இருந்ததால்தான் கேட்சர் கைல் டீல் உட்பட நான்கு இளைஞர்கள் கிடைத்தார்கள். ஓராண்டு தாமதித்திருந்தால் அந்த விலை கிடைத்திருக்காது.

ஆனால் 2016இலும் பிட்சர் கிறிஸ் சேல் என்பவரை விற்று இதே வழியில்தான் தொடங்கினார்கள். 2021இல் 93 வெற்றி, 2023இல் 101 தோல்வி. முன்னணி வீரர்கள் காயத்தில் விழுந்தபோது அந்த இடத்தில் இறக்க, இளைஞர்களை வளர்க்கும் மைனர் லீக்கில் தயாரான ஆள் இல்லை.

அதனால் நான் பார்ப்பது வைட் சாக்ஸ் தானே வளர்த்த கோல்சன் மான்ட்கோமெரியை. 2021இல் 22ஆவது தேர்வு. 2025 ஏப்ரலில் அடிக்கத் திணறியபோது ஆட்டங்களிலிருந்து எடுத்து, மட்டை வீச்சைச் சரிசெய்ய அரிசோனாவுக்கு அனுப்பினார்கள். ஜூலையில் முதன்மை அணிக்கு வந்து 71 ஆட்டங்களில் 21 ஹோம் ரன் அடித்தார்.